வேலமரத்துக்குக் குடிபோன சடைச்சி

குளத்தங்கரைப் புங்கமரத்தில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. கூட்டம் என்றால் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் கத்தும். இரை பொறுக்கும்போது கத்தும். ஒரு சருகு புரண்டுவிட்டால் அதற்கும் நாலு பேர் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும். இந்த இரைச்சல் தாங்காமல் மீன்கொத்தி தென்கரைக்குக் குடிமாறிப் போய்விட்டது.

இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பெயர் சடைச்சி.

அவள் ஒன்றும் ஆரம்பத்திலிருந்தே ஊமை இல்லை. கூட்டத்திலேயே கெட்டிக்காரக் காவல்காரி அவள்தான். மற்றவர்கள் கீழே சருகைக் கிளறும்போது அவள் உச்சிக்கிளையில் நின்று நாலு பக்கமும் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே எல்லாரையும் கேலி செய்வாள். அவள் சிரித்தால் குளத்துத் தவளைகூட ஒரு நிமிஷம் வாயை மூடும். அவள் வீட்டுக்காரன் ஓடையன். கொழுத்த புழு கிடைத்தால் தான் தின்னாமல் அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அவ்வளவு பிரியம்.

இந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. உச்சிவெயில் ஏறியதும் இரை பொறுக்குவதை நிறுத்திவிட்டு, தாழ்ந்த கிளை ஒன்றில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்காரும். ஒன்றுக்கொன்று கழுத்தைக் கோதிவிடும். ஏன் கழுத்து? இறக்கையை, வாலை, வயிற்றைத் தன் அலகாலேயே கோதிக்கொள்ளலாம். தன் கழுத்துக்குத் தன் அலகு எட்டாது. இன்னொருத்தர் வேண்டும். நீ எனக்குக் கோது, நான் உனக்குக் கோதுகிறேன். வாங்கிக்கொண்டு திருப்பிச் செய்யாதவருக்கு மறுநாள் யாரும் கோதமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். எல்லாரும் நன்றாக இருக்கும்வரை நல்ல வழக்கம்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் சடைச்சிக்கு என்னவோ ஆயிற்று.

முதலில் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு குறைந்தது. கீழே இறங்கினால் சருகைக் கிளறாமல் சும்மா நிற்பாள். வரிசையில் உட்காருவாள், பக்கத்தில் இருப்பவர் அவள் கழுத்தைக் கோதிவிட்டுத் தன் கழுத்தை நீட்டுவார், அவள் அலகைத் தூக்கமாட்டாள். நீட்டிய கழுத்து நீட்டியபடியே இருக்கும். யாருக்குத்தான் கோபம் வராது?

"மதினிக்கு நம்ம கழுத்தெல்லாம் அழுக்காத் தெரியுது போல" என்றான் சுருளி. அவன் ஓடையனுக்குத் தம்பி முறை. ஊர்வாயெல்லாம் அவன் வாய்தான்.

"என்னடி உனக்கு?" என்று கேட்டாள் பேச்சாயி. கூட்டத்துக்கு மூத்தவள் அவள். எல்லாருக்கும் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமலா இப்படி இருக்க?"

"தெரியலக்கா."

போன கோடையில் ஒருத்தியின் கூட்டில் சாரைப்பாம்பு ஏறிக் குஞ்சுகளைத் தின்றுவிட்டது. அன்றைக்குக் கூட்டம் முழுவதும் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதது. அவளுக்காக மாற்றி மாற்றி இரை தேடியது. அவள் யாருக்கும் கோதவில்லை என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் சடைச்சிக்குக் குஞ்சும் சாகவில்லை, கூடும் கலையவில்லை. காரணத்தைச் சொன்னால் நாம் இரக்கப்படுவோம். காரணம் தெரியவில்லை என்று சொன்னால் நமக்கு எரிச்சல்தான் வருகிறது. குருவிகளை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் அவள் காவலில் நின்றிருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. புதருக்குள்ளிருந்து காட்டுப்பூனை பாய்ந்தது. நல்லவேளை, பேச்சாயி பார்த்துவிட்டாள். இல்லாவிட்டால் ஒரு இளங்குருவி போயிருக்கும். வால் இறகு மட்டும் பூனை வாயில் மாட்டிக்கொண்டது.

"கண்ணு எங்கடி இருந்துச்சு?" என்று பேச்சாயி கத்தினாள்.

சடைச்சி அந்த இளங்குருவியின் மொட்டை வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீ காவலுக்கு வேணாம். இறங்கு."

பேச்சாயி சொன்னதில் தப்பில்லை. குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டாமா? ஆனால் கூட்டத்தில் சடைச்சிக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான். அதுவும் போயிற்று. அவள் இறங்கினாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓடையன் அவளை விடவில்லை. பச்சைப்புழு கொண்டுவந்தான். அவள் அலகில் வாங்கிக் கீழே நழுவவிட்டாள். வெட்டுக்கிளி கொண்டுவந்தான். அதுவும் அப்படியே. கேலி பேசிப் பார்த்தான். திட்டிப் பார்த்தான்.

"எம்மேல கோபமா புள்ள?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னதான்?"

"தெரியலீங்க."

அவள் கழுத்தை அவன் கோதிக்கொண்டேயிருந்தான். அவன் கழுத்தைக் கோத ஆள் இல்லை. ராத்திரி அவன் தூங்கவில்லை. பகலில் அவனும் சரியாகத் தின்னவில்லை. மெலிந்துபோனான். கூட்டத்தில் யாரிடமாவது "எனக்கு முடியலை, கொஞ்சம் கைகொடுங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் வீட்டுக்காரியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஊரெல்லாம் எதற்கு என்ற ரோஷம். அந்த ரோஷம் யாருக்குச் சோறு போட்டிருக்கிறது?

ஒருநாள் அவனுக்கே தாங்கவில்லை. அவள் நழுவவிட்ட புழு கீழே நெளிந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"உன்னையே பார்த்துக்கிட்டு இருந்து எனக்கும் எல்லாம் கசந்து போச்சு!"

சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டான். ஆனால் அவள் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் உச்சிவெயிலுக்கு எல்லாரும் வரிசையில் உட்கார்ந்தபோது சடைச்சி அங்கே இல்லை. குளத்தின் மறு ஓரத்தில் ஒரு வேலமரம் தனியாக நிற்கும். இலை கொஞ்சம், முள் நிறைய. நிழல் கிடையாது. வானத்தில் போகிற எதற்கும் அங்கே உட்கார்ந்திருப்பவர் பளிச்சென்று தெரிவார். அந்த மரத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா வீம்பை" என்றான் சுருளி. "நாம போயிக் கெஞ்சணுமாம்."

"போனவளுக்கு வரத் தெரியாதா? தானா வருவா" என்றாள் பேச்சாயி.

தன்மேல் கோபித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்று நினைத்தான் ஓடையன். அவனுக்கும் மனசு காயப்பட்டிருந்தது. போகவில்லை.

நாள் போயிற்று. அவள் வரவில்லை. கோதுவார் இல்லாமல் அவள் கழுத்து இறகு சிக்குப்பிடித்தது. உண்ணி ஏறியது. தவிட்டுக்குருவிக்குக் கழுத்து இறகு சிக்கினால் மழைத்தண்ணீர் வழிந்து ஓடாது; நேராகத் தோலில் இறங்கும். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல மழைக்கு அவள் தனியாகத் தாங்கமாட்டாள். அதற்கு முன்னால் வல்லூறு பார்த்துவிட்டால் மழைவரைக்கும்கூட இருக்கமாட்டாள். இது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவள் வரட்டும் என்று இருந்தார்கள்.

அப்போதுதான் சுருளி ஒரு யோசனை சொன்னான்.

"அக்கா, நான் வரவழைக்கிறேன் பாருங்க. வல்லூறுன்னு ஒரு சத்தம் குடுக்கிறேன். எப்பேர்ப்பட்ட வீம்புக்காரியும் வல்லூறுக்கு முன்னால வீம்பு காட்டமாட்டா. விழுந்தடிச்சு நம்ம புதருக்குத்தான் வருவா. வந்ததும் எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிச்சிடுவா. கதை முடிஞ்சது."

பேச்சாயி யோசித்தாள். வல்லூறு என்று பொய்யாகக் கத்துவது அந்தக் கூட்டத்தில் பெரிய குற்றம். அந்தச் சத்தம் கேட்டால் யாரும் நின்று யோசிக்கமாட்டார்கள். உடம்பு தானாகப் புதருக்குள் பாயும். முட்டையிலிருந்து வந்த அன்றைக்கே குஞ்சுக்குத் தெரியும் சத்தம் அது.

"மேகம் கருத்துக்கிட்டு வருது" என்றாள் கடைசியில். "ஒரே ஒரு தடவை. கத்தித் தொலை."

சுருளி உச்சிக்கிளைக்குப் போனான். கழுத்தைப் புடைத்துக்கொண்டு கத்தினான்.

"வல்லூறு! வல்லூறு!"

பொய் என்று தெரிந்தவர்கள்கூடப் பாய்ந்துவிட்டார்கள். ஒரு நொடியில் புங்கமரம் காலி. எல்லாரும் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டி வேலமரத்தைப் பார்த்தார்கள்.

சடைச்சி அங்கேயே இருந்தாள்.

தலையைத் தூக்கினாள். வானத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சுருளி இன்னொரு தடவை கத்தினான். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. அவள் அசையவில்லை. அவன் இறங்கிப் புதருக்குள் வந்தான்.

"கேட்கலையோ?" என்றான் மெதுவாக.

"கேட்டுச்சு. மேல பார்த்தாளே" என்றாள் பேச்சாயி.

கோபித்துக்கொண்டு போனவள் என்றால் பறந்திருப்பாள். திமிர் பிடித்தவள் என்றால் எல்லாருக்கும் முந்திப் பறந்திருப்பாள். உயிர் வேண்டும் என்பவர் எல்லாரும் பறந்துவிடுவார்கள். அவளோ, வல்லூறு வந்தால் வரட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவள்மேல் சொன்ன சொல்லெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் நினைவுக்கு வந்தது. சத்தத்துக்குப் பேர்போன அந்தக் கூட்டம் புதருக்குள் மூச்சுக்காட்டாமல் இருந்தது.

ஓடையன் பறந்தான். வேலமரத்தில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முள் காலில் குத்தியது.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏன் புள்ள பறக்கலை?"

"கால் எழும்பலீங்க" என்றாள். "பறந்து எங்க போறதுன்னு தோணுச்சு."

"நம்ம கிளைக்கு வந்திருக்கலாமே. எம்மேல இருக்கிற கோபத்துல..."

"உங்கமேல எனக்கு என்னங்க கோபம்? நான் பக்கத்துல இருந்தா உங்களுக்கும் கசந்து போகுது. குஞ்சுகளுக்கும் ஆபத்து. நான் தள்ளி இருந்தா நீங்களாவது தின்னுவீங்க, தூங்குவீங்கன்னுதான் இங்க வந்தேன்."

"நீ போனப்புறம் நாங்க நல்லா இருக்கோம்னு யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. நானா நினைச்சுக்கிட்டேன்."

ஓடையன் அழுதான். மறைக்கவில்லை. பிறகு அவள் கழுத்தில் அலகை வைத்துப் பார்த்தான். சிக்கு அவன் ஒருத்தனால் தீருகிற மாதிரி இல்லை. எழுந்து புங்கமரத்துக்கு வந்தான்.

"அக்கா, எனக்குத் தனியா முடியலை" என்றான்.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு இத்தனை நாள் ஆயிற்று.

"போயிக் கூட்டிட்டு வா. நடுவுல இடம் விடுறோம்" என்றாள் பேச்சாயி.

"அவளால வரமுடியலைக்கா. அங்கயிருந்து எழும்பவே முடியலை."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

யாரோ சொன்னார்கள்: "அவளால வரமுடியலைன்னா நாம போக வேண்டியதுதான்."

சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தால், சுருளி. கேலி இல்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

உடனே ஒரு சலசலப்பு. அந்த மரத்திலா? நிழல் இல்லை. மறைவு இல்லை. முள்ளுக்குப் பயந்து காலை வைக்க முடியாது. "எல்லாரும் போயி உட்கார்ந்தா வல்லூறு எல்லாரையும் பார்க்குமேக்கா!" என்றது மொட்டைவால் இளங்குருவி.

"பார்க்கட்டும். நாமளும் அதைப் பார்ப்போம்" என்றாள் பேச்சாயி. "காவலுக்கு யாரு?"

"நான்" என்றான் சுருளி. "இனி இந்த வாயில பொய்ச்சத்தம் வராது. நம்பலாம்."

பேச்சாயி முதலில் பறந்தாள். பின்னால் ஒருத்தர், அதற்குப் பின்னால் ஒருத்தர். வேலங்கிளை வளைந்து ஆடியது. முள்ளைத் திட்டிக்கொண்டே ஒவ்வொருவரும் இடம் பிடித்தார்கள். சடைச்சிக்கு இந்தப் பக்கம் ஓடையன், அந்தப் பக்கம் பேச்சாயி.

"எதுக்கு எல்லாரும் வந்தீங்க?" என்று கேட்டாள் சடைச்சி. "என்னால யாருக்கும் கோத முடியாதுக்கா."

"உன்னை யாரு கோதச் சொன்னா? பேசாம இரு."

பேச்சாயி அவள் கழுத்தில் அலகை வைத்தாள். ஒரு உண்ணியைப் பிடுங்கித் துப்பினாள். இன்னொன்று. பிறகு சிக்கை எடுக்க ஆரம்பித்தாள். சடைச்சி கண்ணை மூடிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அழவும் இல்லை. இதற்குள்ளே அவள் சிரித்துவிட்டாள், பாடிவிட்டாள் என்று சொன்னால் கதை சீக்கிரம் முடியும். ஆனால் பொய்.

அன்றையிலிருந்து உச்சிவெயிலுக்கு வரிசை வேலமரத்தில்தான். பொழுது சாய்ந்தாலும் அங்கேயேதான். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். முள் கீறிப் புண்ணானவர்கள் இருந்தார்கள். இரண்டு தடவை நிஜமாகவே வல்லூறு வந்தது. இரண்டு தடவையும் சுருளி முதலிலேயே பார்த்துக் கத்தினான். முதல் தடவை ஓடையனும் பேச்சாயியும் சடைச்சியை இரண்டு பக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டு புதருக்குள் விழுந்தார்கள். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மறுபடி கூட்டிக்கொண்டுவந்து அதே கிளையில் உட்காரவைத்தார்கள்.

ஓடையனைப் பேச்சாயி தினம் விரட்டினாள். "போயித் தின்னுட்டு வா. தூங்கிட்டு வா. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" அவனுக்கும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கழுத்தைக் கோதிவிட்டார்கள். அவன் உடம்பு கொஞ்சம் தேறியது.

சில நாள் சடைச்சி ஒரு புழு தின்றாள். சில நாள் அதுவும் இல்லை. நேற்றைக்குத் தேவலாம் போலிருந்தவள் இன்றைக்கு மோசமாக இருந்தாள். "மதினி, சரியாயிடுச்சா?" என்று கேட்ட ஒருத்தனைப் பேச்சாயி மண்டையில் கொத்தினாள். அதற்கப்புறம் யாரும் அதைக் கேட்கவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல வம்பு பேசினார்கள். அவள் கேட்கிறாளா இல்லையா என்று பார்க்கவில்லை.

ஒரு பிற்பகலில் மழை வந்தது.

காற்று முதலில் வந்தது. பிறகு குளத்துக்கு அக்கரை மறைந்துபோனது. தண்ணீர் சரம்சரமாக இறங்கியது. புங்கமரத்துக்குப் போக நேரமில்லை. வேலங்கிளையிலேயே எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் நனைந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் அவ்வளவாக நனையவில்லை. கோதிவிட்ட கழுத்திலிருந்து தண்ணீர் வழிந்து ஓடியது. மழைச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் யாரும் பேசவில்லை.

நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"குளிருது."

ஓடையன் திரும்பினான். "என்ன சொன்ன?"

"குளிருதுன்னேன்" என்றாள் சடைச்சி. "கொஞ்சம் நெருங்கி உட்காருங்களேன்."

வல்லூறு வருகிறது என்றபோது ஒன்றும் தோன்றாதவளுக்கு இப்போது குளிர்ந்தது. குளிருக்கு ஒதுங்க வேண்டும் என்று தோன்றியது. யாரையோ பக்கத்தில் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. பேச்சாயி மழையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணில் இருந்தது மழைத்தண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. வரிசை இரண்டு பக்கமிருந்தும் நெருங்கியது. ஓடையன் தன் இறக்கையை விரித்து அவள்மேல் போட்டான்.

மனம் இருண்டுபோனவர்கள் நம்மிடம் வர முடியாமல் தவிக்கும்போது, வரட்டும் என்று காத்திராமல், திரும்பக் கிடைக்குமா என்று பாராமல், நாம்தான் கூடிப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.